சி-ஆர்ம் ட்ரெய்னிங்குக்கு விஆர் சிமுலேஷன் நிஜமாவே உதவுமா?

ஓடி சிஸ்டர்:
வணக்கம். நான் ஆர்த்தோ ஓ.டி.ல (எலும்பு ஆபரேஷன் தியேட்டர்) ஸ்டாஃப் நர்ஸ். புதுசா சேந்த டெக்னீசியன் பசங்களுக்கும் எங்க சிஸ்டர்ஸுக்கும் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கறப்பவே எக்ஸ்ரே படம் காட்டற மெஷின்) பழகிக்குடுக்க விஆர் சிமுலேஷன் (நிஜ எக்ஸ்ரே இல்லாம கம்ப்யூட்டர்ல பழகற சாஃப்ட்வேர்) வாங்கலாமான்னு மேனேஜ்மெண்ட்ல பேச்சு ஓடுது. இதுவரைக்கும் கேஸ் நடக்கறப்போ கூட நின்னு கத்துக்கிட்டதுதான், சர்ஜன் "ஷூட்"னு சொன்னதும் யாரு எங்க நிக்கிறாங்கன்னு எவரும் பாக்கிறதில்ல. வாங்கினா பிரயோஜனம் இருக்குமா, இல்ல நாலு நாள் விளையாடிட்டு அலமாரில வச்சுருவாங்களா?

பழைய டெக்னீசியன்:
பிரயோஜனம் இருக்கு சிஸ்டர். ரேடியேஷன் கண்ணுக்கும் தெரியாது, வலிக்கவும் வலிக்காது, அதான் தொல்லையே. டிஎல்டி பேட்ஜ் (நாம வாங்கின ரேடியேஷனை அளக்க சட்டைல மாட்டறது) மூணு மாசத்துக்கு ஒருக்கா போய் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள எந்தக் கேஸ்ல எங்க நின்னு வாங்கினோம்னே மறந்துரும். சிமுலேஷன்ல பெடலை மிதிச்ச உடனே ஸ்கேட்டர், அதாவது பேஷண்ட் உடம்புல பட்டுச் சிதறற ரேடியேஷன், கலர் கலரா பரவுறது தெரியும். இடுப்பு எலும்பு கேஸ்ல லேட்டரலுக்கு (பக்கவாட்டுப் படத்துக்கு) சி-ஆர்மைத் திருப்புவோம்ல, அப்போ எக்ஸ்ரே கெளம்பற ட்யூப் பக்கம் நிக்கிறவங்களுக்குத்தான் ஜாஸ்தி, ஏன்னா பீம் பேஷண்ட் உடம்புல நுழையற பக்கத்துலேருந்துதான் ஸ்கேட்டர் அதிகமா திரும்பி வருது, படம் புடிக்கற டிடெக்டர் பக்கம் வந்துட்டா நல்லா கொறஞ்சுரும். கிளாஸ்ல எத்தனை தடவை சொன்னாலும் மண்டைல ஏறாது, செவப்பு கலர் தன் மேல விழறதைப் பாத்தா ஏறிடும். ஒரு மீட்டர்ல நிக்கிறவர் ரெண்டு மீட்டருக்குத் தள்ளிப்போனா டோஸ் சுமாரா கால்வாசிதான், அதையும் இதுல நடந்தே பாத்துக்கலாம்.

பாராமெடிக்கல் வாத்தியார்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. ரீசெட் பட்டன் இருக்கற தைரியத்துல பசங்க கொலிமேட்டரை (பீம் அகலத்தைக் கொறைக்கற ஷட்டர்) முழுசா தெறந்து வச்சு நாலு ஷாட் தட்டிட்டு "படம் வந்துருச்சு சார்"ங்கிறாங்க. ஃபிலிம் காலத்துல டோஸ் ஏறினா படம் கருத்துப்போய் காட்டிக்குடுத்துரும், டிஜிட்டல்ல ஏத்தினாலும் படம் அழகாத்தான் வரும். அதனால எத்தனை எக்ஸ்போஷர், எவ்வளவு டோஸ்னு கடைசில கணக்கு காட்டற சாஃப்ட்வேரா பாருங்க, இல்லேன்னா வேணவே வேணாம். இடுப்பு ஒடைஞ்ச பாட்டியை வலிக்காம எப்படிப் பொரட்டறதுங்கறது எந்த ஹெட்செட்டும் சொல்லித்தராது, அது பேஷண்ட் கிட்டதான்.

சும்மா வந்தவன்:
எக்ஸ்ரே வந்த புதுசுல ட்யூப் ஒழுங்கா வேலை செய்யுதான்னு சொந்தக் கையை வச்சே டெஸ்ட் பண்ணுவாங்களாம். எடிசன் கிட்ட இருந்த கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் கைய இழந்து 1904ல செத்தே போனார். ரீசெட் பட்டன் எவ்வளவோ தேவலை வாத்தியாரே 😄

ஓடி சிஸ்டர்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். எங்க டீம்ல ஒருத்தங்க மாசமா இருக்காங்க, சி-ஆர்ம் கேஸுக்கே விடறதில்ல, சிமுலேஷன்னா அவங்களும் உக்காந்து பழகலாம்னு இப்பதான் தோணுது. ஆனா ஹெட்செட் மாட்டினா தலை சுத்தும்னு சொல்றாங்களே?

பழைய டெக்னீசியன்:
சிலருக்குச் சுத்தும். மானிட்டர்லயே ஓடற வெர்ஷனும் இருக்கு, அதைக் கேளுங்க. டெமோவுக்கு வர்றவங்க கிட்ட லேட்டரல் எடுக்கச் சொல்லி ஸ்கேட்டர் எப்படி மாறுதுன்னு காட்டச் சொல்லுங்க, மாறலேன்னா காசு குடுக்காதீங்க. இன்னொண்ணு, ட்ரெய்னிங்குக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி ரேடியேஷனைத் தடுக்கற ஈய (லெட்) ஏப்ரனை எல்லாம் மடிச்சுப் போடாம தொங்க விட ஹேங்கர் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்க, மடிச்ச எடத்துல உள்ள விரிசல் விட்டா வெளிய தெரியாது.