சுஸ்டாலில் ஓர் இரவு: அம்மாவை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம்?

குருநகர் மகள்:
வணக்கம். தம்பி மொஸ்கோவில் மருத்துவம் படித்து முடிக்கிறான். அவனுடைய பட்டமளிப்புக்கு அம்மாவும் நானும் ஜூனில் போகிறோம். அது முடிய ரஷ்யாவின் பழைய ஊரான சுஸ்டாலில் ஓர் இரவு தங்கலாம் என்று யோசனை. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் நோ. ஆனால் நாங்கள் கத்தோலிக்கர், அவர் காலைப் பூசையை ஒரு நாளும் விடமாட்டார். அந்தச் சின்ன ஊரில் ஐந்து மடம், முப்பது கோயில் என்கிறார்கள். அத்தனைக்கும் அவரால் நடக்க ஏலாது. எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எதை விடலாம்? அம்மா அங்கே நற்கருணை வாங்கலாமா?

கொக்குவில் பழைய மாணவன்:
தங்கச்சி, நான் 1984இல் புலமைப்பரிசிலில் மொஸ்கோவுக்குப் படிக்கப் போனவன். சுஸ்டாலுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், கடைசியாக 2018இல் மனைவியோடு.

நற்கருணை வாங்க முடியாது. அங்கத்தைய கோயில்கள் ஒர்த்தடொக்ஸ் என்ற வேறு கிறிஸ்தவ சபையுடையவை, அது தன் சபையாருக்கு மட்டும்தான் கொடுக்கும். இதை அம்மாவிடம் இங்கேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் போய் நின்ற பிறகு தெரியவந்தால் மனம் நொந்துபோவார். மெழுகுதிரி கொளுத்தலாம், விரும்பிய நேரம் நின்று செபிக்கலாம். சொரூபங்களைப் பெரும்பாலும் காணமாட்டார், எல்லாம் படங்கள்தான். படங்கள் நிறைந்த ஒரு தடுப்பு குறுக்கே நிற்கும். அதற்கு அப்பால் எங்கள் மூலஸ்தானம் மாதிரி, போகக்கூடாது.

முப்பது கோயில் என்றதும் பயப்பட வேண்டாம். அங்கே பல இடங்களில் கோயில்கள் சோடியாக இருக்கும். பெரியது கோடைக்கு. பனிக்காலத்தில் அதைச் சூடாக்க முடியாது என்பதால் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று கட்டினார்கள். ஒரு சோடியை ஆறுதலாகப் பார்த்தால் காணும்.

நான் விடச்சொல்லாத இடம் பொக்ரோவ்ஸ்கி கன்னியர் மடம். 1364இல் தொடங்கியது. அரச குடும்பத்தில் வேண்டாம் என்று தள்ளிய மனைவியரை இங்கேதான் அனுப்பினார்கள். ரஷ்ய அரசர் மகா பீட்டர் தன் முதல் மனைவி எவ்தோக்கியாவை 1698இல் அனுப்பினார். அதற்கும் முன்னால், 1525இல், மொஸ்கோவை ஆண்ட மூன்றாம் வசீலி தன் மனைவி சொலமோனியாவைப் பிள்ளை இல்லை என்று விலக்கித் துறவியாக்கினார். அவர் இங்கேதான் அடக்கம். இன்று சோபியா என்ற பெயரில் புனிதராக வணங்குகிறார்கள். பிள்ளை பெறவில்லை என்று துரத்தப்பட்டவரிடம் பிள்ளைவரம் கேட்டுப் பெண்கள் வருகிறார்கள். 2018இல் ஓர் இளம்பெண் அங்கே நெற்றியை வைத்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். நான் சைவன். எனக்கே அன்று வெளியே வர மனம் வரவில்லை. மாணவனாகப் போனபோது அந்த வளவு சுற்றுலா விடுதியாக இருந்தது. இப்போது கன்னியர் திரும்பி வந்து மடமாகவே நடத்துகிறார்கள். மாலை ஆராதனைக்கு அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள்.

ஆற்றின் மறுகரையில் எவ்ஃபிமி மடம், 1352இல் நிறுவியது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் சிவப்பு மதில், 12 கோபுரம். இரண்டாம் கத்தரீன் காலத்தில், 1766இல், உள்ளே ஒரு சிறையும் வைத்தார்கள். இப்போது அருங்காட்சியகம். நடக்க நிறைய உண்டு. ஆனால் மணியோசைக்காகப் போகத்தான் வேண்டும். அங்கே மணி ஆடாது. மணிக்குள் இருக்கும் நாக்கைக் கயிற்றால் இழுத்து அடிப்பார்கள். ஓர் ஆளே கையாலும் காலாலும் பல மணிகளை ஒன்றாக ஒலிக்கச் செய்வார். அம்மாவை ஒரு வாங்கில் இருத்திவிட்டு, அது முடியும் வரை கதைக்காமல் இருங்கள்.

சுஸ்டாலின் கிரெம்ளினில், அதாவது அந்த ஊரின் பழைய கோட்டையில், பொன் நட்சத்திரம் பதித்த நீலக் குவிமாடங்களோடு நிற்பது 1222க்கும் 1225க்கும் இடையில் கட்டிய பேராலயம். வடிவுதான். நேரம் போதாவிட்டால் வெளியே நின்று பார்த்தாலும் சரி. மரக்கோயில் அருங்காட்சியகத்தை அம்மாவின் காலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

சுஸ்டாலுக்கு ரயில் இல்லை. விளாடிமிரில் இறங்கி 26 கிலோமீற்றர் பஸ்ஸில் போக வேண்டும். அந்த விளாடிமிரில் உஸ்பென்ஸ்கி பேராலயம் இருக்கிறது, 1408இல் அந்திரேய் ருப்ளியோவ் ஓவியம் தீட்டிய இடம். 1987இல் அப்பா தவறிய செய்தி எனக்குக் கடிதமாக மூன்று கிழமை பிந்தித்தான் வந்தது. அடுத்த ஞாயிறு அங்கே போய் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை எடுத்தார். சின்னச் சிலுவை வைத்த சதுர மேசைக்கு என்னைக் கூட்டிப்போய் அங்கே நட்டுவிட்டார். வட்டத் தாங்கி உயிரோடு இருப்பவர்களுக்கு, அந்தச் சதுர மேசை இறந்தவர்களுக்கு. எனக்குக் கொள்ளி வைக்கக் கிடைக்கவில்லை. அந்தத் திரிதான் கிடைத்தது.

நல்லூர் வடக்கு:
அண்ணை சொன்னதோடு இரண்டு விசயம். தலைக்குத் துணியும் முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடையும் அம்மாவுக்கும் உங்களுக்கும் வேண்டும். சேலை என்றால் முந்தானையே போதும், நான் அப்படித்தான் போனேன். தம்பி தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும். சப்பாத்து கழற்றத் தேவையில்லை. ஆராதனை முழுவதும் நின்றபடிதான், கதிரை வரிசை இருக்காது. ஆனால் சுவரோரம் வயதானவர்களுக்கு வாங்கு இருக்கும், அம்மா கூச்சப்படாமல் இருக்கலாம். இங்கத்தைய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்ட் அங்கே 2022 முதல் வேலை செய்யாது. கையில் காசு கொண்டுபோங்கள்.

குருநகர் மகள்:
மிக்க நன்றி அண்ணை, அக்கா. இரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சொலமோனியாவின் பெயரை இரண்டு தரம் சொல்லச்சொன்னார். நற்கருணை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு அணைத்த பிறகு, அப்பாவுக்கு எந்த மேசை, வட்டமா சதுரமா என்று திரும்பவும் கேட்டார்.