கல்லூரி மேடையில் ஈடிபஸ் பார்த்தேன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நண்பரின் மகள் நடிக்கிறாள் என்பதற்காகத்தான் போனேன். கல்லூரி மாணவர்கள் போட்ட, பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்'. தகப்பனைக் கொன்று தாயை மணப்பாய் என்று குறி சொல்லப்பட்டவன், அதிலிருந்து தப்பி ஓடி ஓடி அதிலேயே போய் விழுகிற கதை. முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கப்போகிறது என்ற அலட்சியத்தோடுதான் உட்கார்ந்தேன். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ்காரர்களும் கதை தெரிந்தேதான் பார்க்கப் போனார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் அரை மணி நேரம் சோதனைதான். ராஜாவுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்று வசனத்துக்கு வசனம் ஆடியது. கொள்ளைநோயில் தீப்ஸ் நகரமே செத்துக்கொண்டிருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் புலம்ப, எங்கள் வரிசை சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. நானும்தான், பொய் சொல்வானேன்.

அப்புறம் கொரிந்து நகரத்திலிருந்து தூதன் வந்தான். நல்ல சேதி கொண்டுவருவதாக நினைத்து வருகிறவன். உன்னை வளர்த்த கொரிந்து அரசரின் சொந்தப் பிள்ளை இல்லை நீ, கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக உன்னை ஒரு மேய்ப்பன் என் கையில் கொடுத்தான் என்று ஈடிபஸிடம் உளறிக்கொட்டுகிறான். எல்லார் கண்ணும் பேசுகிற இருவர் மேல். நான் மட்டும் நண்பர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் அரசி ஜொகாஸ்டா, ஈடிபஸின் மனைவி; அவனைப் பெற்றவளும் அவள்தான். அந்த இடத்தில் அவளுக்கு வசனமே கிடையாது. ஆனால் உண்மை முதலில் உறைப்பது அவளுக்குத்தான். 'கணுக்கால்' என்ற சொல் வந்ததும் அவள் கை மெல்ல எழுந்து, தோளில் உடையைப் பிடித்திருந்த பெரிய ஊசியைப் பற்றியது. அப்படியே நின்றாள்.

இதற்கு மேல் கேட்காதே என்று அவள் கெஞ்சுவதும், தன் பிறப்பு தாழ்ந்தது என்று இவள் கூசுகிறாள் என அவன் தப்பாக நினைத்துக்கொள்வதும்... நாற்காலியில் நுனிக்கு வந்துவிட்டேன். மேய்ப்பனைக் கூப்பிடாதே என்று கத்தலாம் போலிருந்தது.

கிரேக்க நாடகங்களில் சாவு பெரும்பாலும் மேடையில் நடப்பதில்லை, யாராவது வந்து சொல்வார்கள். இங்கேயும் ஒரு பணியாள் வந்தான். அந்தப் பையனுக்கு அந்த ஒரே காட்சிதான். அரசி தூக்கில் தொங்கியதையும், அவள் உடையிலிருந்த ஊசிகளை உருவி மன்னன் தன் கண்களைக் குத்திக்கொண்டதையும் குரல் உயர்த்தாமல் சொன்னான். எனக்கு அந்தத் தோள் ஊசி கண்முன் வந்தது. பிறகு ஈடிபஸ் வெளியே வந்தான். தாடியைக் கழற்றியே விட்டிருந்தான். மழமழவென்று பிள்ளை முகம், அதில் ரத்தச் சாயம். ஒருவரும் சிரிக்கவில்லை.

*

நான் அம்மாவோடு இதே நாடகத்தைப் பார்த்தேன். வேறு கல்லூரி. திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா கேட்டது ஒன்றுதான்: "கொன்றுவிடச் சொல்லிக் கொடுத்த குழந்தையை அந்த மேய்ப்பன் பாவம் பார்த்துத்தானே காப்பாற்றினான்? அதற்கா இவ்வளவும்?"

*

நான் பார்த்தவன் இல்லை, மேடையில் நின்றவன். சோஃபக்ளீஸின் இன்னொரு நாடகமான 'ஆண்டிகனி'யை எங்கள் கல்லூரி போட்டபோது கோரஸில், அதாவது சேர்ந்து வசனம் பேசும் குழுவில், இருந்தேன். சோஃபக்ளீஸ் காலத்தில் கோரஸில் 15 பேர் என்பார்கள். ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தது 9 பேர் என்பதால் நாங்கள் 9 பேர். சேர்ந்து பேசுவது லேசு என்று நினைக்காதீர்கள். ஒருத்தன் அரை நொடி முந்தினாலும் சந்தைக்கடைதான். மூச்சு இழுப்பதையே ஒன்றாகப் பழகினோம்.

முதல் நாள், மகனைத் தொடர்ந்து மனைவியும் செத்த சேதி கேட்டு மன்னன் கிரியோன் கதற வேண்டிய இடத்தில், நடித்தவனுக்கு வசனம் மறந்துபோனது. வாயைத் திறந்தபடி எங்களையே பார்த்தான். எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. அரங்கத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கும். முடிந்ததும் எல்லாரும் பாராட்டியது அந்த மௌனத்தைத்தான்! சரி, நாளைக்கும் அப்படியே செய் என்றார் எங்களைப் பழக்கிய ஆசிரியர். மறுநாள் வேண்டுமென்றே நிறுத்தினான். பின்வரிசையில் யாரோ இருமினார்கள், அவ்வளவுதான்.

*

முதலில் எழுதியவன்தான். கிரியோன் கதையைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்து நண்பரின் மகளையே கேட்டுவிட்டேன். அந்த இடத்தில் ஊசியைப் பற்றினாயே, பின்னால் வரப்போவதைக் காட்டத்தானே என்று. "அய்யோ மாமா, அது கழன்று தோளில் குத்திக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் உடை நழுவியிருக்கும்" என்றாள்.