‘ரேஞ்ச்’ என்பதற்கு ‘வாழ்பரப்பு’: என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செம்முடிக் கூரையாமை என்னும் ஆற்று ஆமை பற்றிய நம் பாடக்குறிப்பில் ‘ரேஞ்ச்’ (ஓர் இனம் காணப்படும் மொத்தப் பகுதி), ‘ஹேபிடட்’ (அது வாழ ஏற்ற சூழல்) இரண்டுக்கும் ‘வாழிடம்’ என்றே போட்டிருக்கிறோம். அதை அப்படியே அச்சுக்கு விடக்கூடாது. ‘வாழிடம்: கங்கை வடிநிலம்’ என்று படித்த தில்லிப் பிள்ளை, ஐ.டி.ஓ. பாலத்திலிருந்து யமுனையைப் பார்த்தால் என்ன நினைக்கும்? இதுவும் கங்கை வடிநிலம்தான். ஆனால் வசீராபாத் தடுப்பணையைத் தாண்டினால், மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஓடுவது பெரும்பாலும் நகரத்துக் கழிவுநீர்.

இந்த ஆமைக்கு ஆழமும் ஓட்டமும் உள்ள பெரிய ஆறு வேண்டும். கரையோரம் உயர்ந்த மணல்திட்டு வேண்டும். மார்ச், ஏப்ரலில் பெண் ஆமை அந்தத் திட்டில் ஏறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டு ஆற்றுக்குத் திரும்பும். பிறகு எட்டிப் பார்க்காது. திட்டை லாரியில் வாரிக்கொண்டு போனாலோ, மேலே அணையில் திடீரென நீரைத் திறந்துவிட்டாலோ அந்த முட்டைகள் அவ்வளவுதான். மடுவும் மணல்திட்டும் சேர்ந்ததே இதன் வாழிடம்.

‘ரேஞ்ச்’ வேறு. முன்பு இந்தியா, நேபாளம், வங்கதேசம் என மூன்று நாடுகளின் ஆறுகளிலும் இது இருந்தது. இன்று சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கையில் எஞ்சியிருப்பது சம்பல் ஆற்றில்தான். எட்டாவா மாவட்டத்தில் நம் யமுனையோடு கலக்கிறதே, அந்தச் சம்பல்.

ஆர்.கே.புரம் நண்பர் ‘பரவல்’ போதும் என்கிறார். நோய்ப் பரவல், தீப் பரவல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பெருகுவதைச் சொல்லும் சொல். அழிவின் விளிம்பில் நிற்கும் உயிருக்கு அது ஒட்டவில்லை. மயூர் விகார் அம்மையாரின் ‘வாழெல்லை’ அழகான சொல்; ஆனால் எல்லை என்றதும் மனத்தில் ஒரு கோடுதான் விழுகிறது. இலங்கை வழக்கான ‘பரம்பல்’ எனக்கு மிகவும் பிடிக்கும். அதை ‘டிஸ்ட்ரிபியூஷன்’ (ஓர் இனம் எங்கெங்கே, எப்படிப் பரந்திருக்கிறது) என்பதற்கே வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை ‘வாழ்பரப்பு’. இது வினைத்தொகை: வாழ்ந்த பரப்பு, வாழ்கின்ற பரப்பு, வாழும் பரப்பு, மூன்று காலமும் இதற்குள் அடங்கும். முன்பு எங்கே, இன்று எங்கே என்று கேட்பதற்காகவே உள்ள கலைச்சொல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ‘முந்தைய வாழ்பரப்பு’, ‘இன்றைய வாழ்பரப்பு’ என்று தடையில்லாமல் நீட்டலாம். தனி விலங்கு ஒன்று நடமாடும் இடத்துக்கு ‘உலவுபரப்பு’ என்றும் இதே வழியில் ஆக்கிக்கொள்ளலாம்.

மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதைக் கீழுள்ள வரியில் பொருத்திப் பார்த்து எழுதுங்கள்:

“இதன் வாழ்பரப்பு சம்பல் அளவுக்குச் சுருங்கிவிட்டது, அங்கும் மணல் அள்ளுவதால் வாழிடம் சிதைகிறது.”

அன்புடன்,
கரோல் பாகிலிருந்து