"நல்லா இருக்கு" தாண்டி யாராவது சொன்ன ஒரு வார்த்தை: மலைப்பக்கம் படம் எடுக்கிறவங்க அனுபவப் பகிர்வு

கேத்தி மேடு:
ஒரு படம் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, அதனால இந்த இழை. நீலகிரியில கேத்திப் பள்ளத்தாக்கு, விடிஞ்சு அரை மணி நேரம். கீழே மஞ்சு, அதாவது மூடுபனி, படுத்துக் கிடக்கு, நடுவுல ரெண்டு வரிசை சில்வர் ஓக், இடது ஓரம் கவாத்து வெட்டின தேயிலைச் சரிவு. கல்லூரியில படிக்கிற ஒரு தம்பி எடுத்தது. முதல் கருத்தே "டல்லா இருக்கு ப்ரோ, கான்ட்ராஸ்ட் ஏத்துங்க"ன்னு வந்துச்சு. தம்பி அன்னிக்கு ராத்திரியே ஏத்திப் போட்டார். டீஹேஸ் (மூட்டத்தை நீக்குறது) 50, கிளாரிட்டி (விளிம்பை அழுத்திக் காட்டுறது) 60. மஞ்சு போயிடுச்சு. ஒவ்வொரு மரத்தைச் சுத்தியும் சாக்பீஸ்ல கோடு இழுத்த மாதிரி வெள்ளை விளிம்பு. பின்னாடி மலை முழுக்கக் குருணை குருணையா இரைச்சல். மறுநாள் ரெண்டு படத்தையும் நீக்கிட்டார்.

படம் டல்லா இருந்தது நிஜம். ஆனா கோளாறு எடிட்டிங்ல இல்ல. கேமராவோட வெளிச்சம் அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். படச் சட்டம் முழுக்க வெள்ளை மஞ்சு இருந்தா அதையும் அழுக்குச் சாம்பல் ஆக்கிடும். "எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு) பிளஸ் 1 வைங்க, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) மேடு நடுவுக்கு வலது பக்கம் வரட்டும், ஆனா வலது சுவரைத் தொட வேண்டாம்"னு ஒரே வரி போதும், மறுநாள் காலையே அதே இடத்துல சரியா வந்திருக்கும். உங்க கண்ணுல பட்டதைச் சொல்லுங்க. ஒரு வார்த்தையால ஒரு படம் தேறினதோ கெட்டதோ, எதுவானாலும்.

பல்சக்கரம்:
ரயில் படம். ஹில்குரோவ் ஸ்டேஷன், மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஏறி வர்ற காலை வண்டி. படத்துல முன்னாடி பெட்டி, அதோட முன் மேடையில கொடியோட பிரேக்ஸ்மேன், வளைவுக்கு அந்தப் பக்கம் கடைசியில இன்ஜின், புகை. அருமையான படம். அதுக்கு வந்த விமர்சனம்: "வண்டியோட முதுகை எடுத்திருக்கீங்க, இன்ஜின் முன்னாடி வர்ற மாதிரி எடுத்திருக்கணும்."

கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல பல்சக்கரப் பாதையில இன்ஜின் எப்பவும் இறக்கத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாடி நின்னு தள்ளும். 12 அடிக்கு ஓரடி ஏற்றத்துல பெட்டி கழண்டாலும் உருண்டு போகக் கூடாதே, அதுக்காக. இறங்கும்போது இன்ஜின் முன்னாடி வரும், ஆனா அப்ப அதுக்குப் பெரிய வேலை கிடையாது, புகையும் கம்மி. ஆக, புகை வேணும்னா ஏறுற வண்டி, ஏறுற வண்டின்னா இன்ஜின் கடைசியில. எடுத்தவர் சரியாத்தான் எடுத்திருந்தார். தெரியாதவர் சொன்னதைக் கேட்டு அவரே "ஆமா சார், தப்பு பண்ணிட்டேன்"னு பதில் போட்டதுதான் இன்னமும் உறுத்துது.

உண்மையில சொல்ல வேண்டிய குறை வேற ரெண்டு இருந்துச்சு. ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 3200, சோலை நிழல் முழுக்க இரைச்சல். அந்த வண்டி அந்த ஏத்தத்துல மணிக்குப் பத்து கிலோமீட்டர் சுமாருக்குத்தான் ஊரும். 1/250 தாராளம். ரெண்டு ஸ்டாப் (நாலு மடங்கு வெளிச்சம்) மிச்சம், ஐஎஸ்ஓ 800க்கு இறங்கிடும். இன்னொண்ணு, சுத்தி இருட்டுக் காடுங்கிறதால மீட்டர் ஏமாந்து தூக்கிக் கொடுத்துடுச்சு. நீராவி வெறும் காகிதமா வெளுத்துப் போச்சு. மைனஸ் 2/3 வெச்சிருந்தா ஆவியோட சுருள் சுருள் தெரிஞ்சிருக்கும்.

தேயிலைக்கொழுந்து:
கேத்தி மேடு அண்ணா, மன்னிக்கணும், முழுசா ஒத்துக்க முடியல. "கான்ட்ராஸ்ட்" சொன்னவர் பார்வை சரி, பேச்சுதான் அரைகுறை. பிளஸ் 1 வெச்சா மஞ்சு வெள்ளையாகும், கூடவே பக்கத்துல இருக்கிற சில்வர் ஓக் தண்டும் வெளுக்கும். மஞ்சுப் படத்துக்கு ஆழம் எங்கிருந்து வருது? கிட்ட இருக்கிற மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதுக்கு அடுத்தது இருக்கா இல்லையான்னு தெரியாத அளவு. அந்த முதல் கறுப்பு இல்லேன்னா படத்துக்கு ஊன்றுகோல் இல்ல. அதனால கேமராவுல வெளிச்சத்தை ஏத்தணும், எடிட்டிங்ல அந்த முன் மரத்துல மட்டும் பிரஷ் போட்டு பிளாக்ஸை (கறுப்போட அளவை) 15, 20 இறக்கணும். மஞ்சு மேல டீஹேஸ் படவே கூடாது.

"எங்கே"ன்னு சொல்லாத விமர்சனத்தால யாருக்கும் பிரயோஜனம் இல்ல. "இடது ஓரத்துல இருக்கிற ரெண்டாவது மரம்"னு சொல்லியிருந்தா தம்பி மொத்தப் படத்தையும் போட்டுக் கசக்கியிருக்க மாட்டார்.

வட்டக்கானல் வாசி:
கொடைக்கானல், 2018, குறிஞ்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூக்கிறது, எல்லாரும் அதைத்தான் எடுத்தார்கள். அதில் ஒரு குளோசப் மிக நேர்த்தி. மெல்லிய மேகத்துக்குக் கீழே, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 5.6, ஒரே கொத்து, இதழுக்குள் ஓடும் நரம்பு வரை கூர்மை. "கலர் செத்துப்போச்சு, சாச்சுரேஷன் கூட்டுங்க" என்று அடுத்தடுத்து நான்கு பேர். எடுத்தவர் கூட்டினார். அந்த நரம்பு கரைந்து, ஊதா பெயின்ட் ஊற்றிய மாதிரி ஒரு திட்டு மட்டும் மிஞ்சியது.

நிறம் சாகவில்லை. கோப்பு அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் (நிறங்களின் வரம்பு) இருந்தது. அந்த நிறவெளியைப் புரிந்துகொள்ளாத செயலியில் திறந்தால் எந்தப் படமும் வெளிறித்தான் தெரியும். எக்ஸ்போர்ட் செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்று மாற்றினால் போதும், சாச்சுரேஷனைத் தொட வேண்டியதே இல்லை. குறிஞ்சியின் நீல ஊதா ஏற்கெனவே நீலச் சேனலின் விளிம்பில் நிற்கிற நிறம். பத்துப் புள்ளி தள்ளினாலே சுவரில் முட்டும். மொத்த ஹிஸ்டோகிராமில் இது தெரியாது, மூன்று சேனலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் போனில் கண் காக்கும் மஞ்சள் திரை ஓடுகிறதா, டிஸ்ப்ளே நிறத்தை மிகைப்படுத்தும் "விவிட்"டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடுக்கிறவர்கள், அதே வெளிச்சத்தில் கிரே கார்டையோ (சாம்பல் நிற அட்டை) ஒரு வெள்ளைத் தாளையோ வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விவாதம் வந்தால் அது சாட்சி.

அவலாஞ்சி மழை:
சின்ன விஷயம்தான். ஒருத்தர் தொடர்ச்சியா ஆறு படம் போட்டார், எமரால்டு அணைப் பக்கம். எல்லாத்துலயும் நடுவுல லேசா ஒரு மங்கல். "மஞ்சை அழகா பிடிச்சிருக்கீங்க"ன்னு எல்லாரும் பாராட்டு. ஆறு படத்துலயும் மங்கல் ஒரே இடத்துல இருந்துச்சு. மஞ்சு அப்படி நிக்காது. லென்ஸுக்குள்ள பூஞ்சை.

கண்டுபிடிக்கிற வழி சொல்லிடறேன், யாரும் கேக்கல, ஆனா இந்த மலையில இது எல்லாருக்கும் வரும். லென்ஸைக் கழட்டி, அப்பர்ச்சரை முழுசா திறந்து வெச்சு, பின்பக்கமிருந்து டார்ச் அடிச்சுக் கொஞ்சம் சாய்வா பாருங்க. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தா பூஞ்சை. புள்ளி புள்ளியா இருந்தா வெறும் தூசு, விட்டுடுங்க. சென்சார் தூசுன்னா வேற சோதனை: எஃப் 16 வெச்சு வெறும் வானத்தை எடுங்க, கறும்புள்ளி தெரியும், லென்ஸை மாத்தினாலும் அதே இடத்துல நிக்கும்.

வர விடாம இருக்கணும்னா காத்து ஈரம் 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கணும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறினா கடாயில மிதமான சூட்டுல வறுத்துத் திரும்பப் போடலாம். 35க்குக் கீழ போனா ரப்பரும் உள்ள இருக்கிற கிரீஸும் காயும், அதுவும் ஆகாது. அரிசி டப்பாவுல வைக்காதீங்க, மாவுத் தூசு உள்ள போகும். தோல் பையில மாசக்கணக்குல வைக்கவே வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

அப்புறம் முத்து கோக்கிறது. குளிர்ல ரெண்டு மணி நேரம் நின்ன கேமராவை அப்படியே அடுப்பு எரியிற வீட்டுக்குள்ள கொண்டு வந்தா கண்ணாடி மேல மட்டுமில்ல, உள்ளயும் ஈரம் கோக்கும். வெளியிலேயே ஜிப் கவர்ல போட்டு மூடி, உள்ள கொண்டு வந்து, முக்கால் மணி நேரம் திறக்காம வைங்க. ஈரம் கவர் மேல கோக்கும். மெமரி கார்டை முன்னாடியே எடுத்துடுங்க, இல்லேன்னா படம் பார்க்கிற ஆசையில திறந்துடுவீங்க.

பல்சக்கரம்:
அவலாஞ்சி மழை அண்ணே, பயனுள்ள தகவல், ஆனா இழை விமர்சனத்தைப் பத்தினது. பூஞ்சைக்குத் தனி இழை போடுங்க, நானும் வர்றேன்.

சோலைக்குருவி:
அவர் சொன்னதும் விமர்சனம்தாங்க. பாராட்டினவங்க யாரும் படத்தைப் பெருசாக்கிப் பார்க்கலன்னு சொல்றார். அது முக்கியம்.

எனக்கு உறுத்துறது ஒரு பறவைக் கூட்டோட படம். நீலகிரி சிரிப்பான், புதருக்குள்ள கூடு, ரெண்டு இலை குறுக்க. கருத்து: "அந்த ரெண்டு இலையை ஒதுக்கிட்டு எடுத்திருந்தா கிளியரா இருந்திருக்கும்." அந்த ரெண்டு இலைதான் காக்கா கண்ணுலேர்ந்து கூட்டை மறைக்குது. ஒதுக்கினா படம் கிளியர், மத்தியானத்துக்குள்ள கூடு காலி. கூட்டுப் படத்துக்கு ஃபோகஸ், கம்போசிஷன்னு எந்தக் கருத்தும் சொல்லாதீங்க. "படத்தை நீக்கிடுங்க, இடத்தைச் சொல்லாதீங்க"ன்னு மட்டும் தனிச்செய்தியில சொல்லுங்க. பொதுவுல சொன்னா பத்து பேர் இடம் தேடிப் போவாங்க.

மந்துப் பாதை:
சோலைக்குருவி அக்கா சொன்ன அதே வகை. தோடர் மந்து (அவங்க குடியிருப்பு), அங்க இருக்கிற கோவில். "இன்னும் கிட்டப் போய் எடுத்திருக்கலாம்." சுத்தி இருக்கிற கல் சுவருக்குள்ள வெளியாட்கள் போகக் கூடாது. எடுத்தவர் அந்த எல்லையை மதிச்சு நின்னிருக்கார். கிட்டப் போகாமலே அந்தப் படத்தைத் தேத்தலாம்: சுவருக்கு வெளியேர்ந்து 85 மில்லிமீட்டர் லென்ஸ், சாயங்காலம் பக்கவாட்டு வெயில். அரைப்பீப்பாய்க் கூரையோட வளைவும் கட்டு கட்டா கட்டின பிரம்பும் அப்பதான் எடுப்பா தெரியும். உச்சி வெயில்ல எடுத்ததால தட்டையா இருந்துச்சு. குறை இருந்தது வெளிச்சத்துல, தூரத்துல இல்ல.

கேத்தி மேடு:
தேயிலைக்கொழுந்து, நீங்க சொன்ன முன் மரத்துக் கறுப்பு, ஒத்துக்கறேன். பழைய கோப்பைத் திறந்து அந்த ஒரு மரத்துல மட்டும் பிளாக்ஸ் இறக்கிப் பார்த்தாச்சு, படம் எழுந்து நிக்குது. தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் திறந்தேன். கேக்காம அடுத்தவங்க படத்தை எடிட் பண்ணிப் போடறது நல்லாவே இல்ல, கருத்து எவ்வளவு சரியா இருந்தாலும்.

தம்பி இன்னிக்குக் காலையில திரும்பப் போய் எடுத்திருக்கார். பிளஸ் 1, ஒயிட் பேலன்ஸ் கிளவுடி, ட்ரைபாட். இழையில போடலாம்னு சொல்லிட்டார். சொல்லுங்க.

தேயிலைக்கொழுந்து:
தம்பி, மஞ்சு இப்ப மஞ்சாவே இருக்கு. மூணு அடுக்கும் எண்ண முடியுது. வலது மேல் மூலையில கரண்ட் கம்பி ஒண்ணு நுழையுது, ரெண்டடி இடது பக்கம் நகர்ந்தா முன் மரம் அதை மறைச்சுடும். அடிவானம் இல்லாத இடத்துல மட்டம் பார்க்க சில்வர் ஓக் தண்டைப் பாருங்க, உங்களோடது ஒரு டிகிரி வலது பக்கம் சாயுது. எஃப் 22 எதுக்கு வெச்சீங்க? அவ்வளவு சின்னத் துவாரத்துல வெளிச்சம் விரிஞ்சுடும். டிஃப்ராக்‌ஷன்ல தூரத்து மரம் மெத்துன்னு ஆகிடுச்சு, எஃப் 8 போதும். சரிவுல கொழுந்து பறிக்கிற அம்மா தலையில கூடைக் கயிறு தெரியிற அந்த இடம், அதை நீங்க பார்த்து எடுத்தீங்களா, தானா விழுந்துச்சா?