வீட்டுக் கணினிக்கு ரேம்: ஒரே 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. முதல் தடவையாக நானே ஒரு கணினி அசெம்பிள் செய்கிறேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், ஏ520 மதர்போர்டு வாங்கியாயிற்று. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, வாங்கும் வசதியும் இப்போதைக்கு இல்லை. பிள்ளைகள் படிப்பு, பிரௌசரில் என் வேலை, சாயங்காலம் கொஞ்சம் கேம், அவ்வளவுதான். போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. ஒரே 16 ஜிபி போட்டால் மற்ற ஸ்லாட் பிற்பாடு உதவுமே என்று பார்க்கிறேன். தம்பி இரண்டு 8 ஜிபி போடச் சொல்கிறான். எது சரி? பிறகு டிடிஆர்5க்கு மாற முடியுமா?

பதில் 1:
டிடிஆர்5 இந்த போர்டில் முடியாது, இது முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4க்கான போர்டு. இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஸ்லாட்டில் உட்காராது.

மற்றபடி தம்பி சொல்வதுதான் சரி. தனி கார்டு என்றால் அதற்குச் சொந்த மெமரி உண்டு. 5600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு இந்த ரேம்தான் எல்லாம். 3200 வேகத்தில் ஒரு ஸ்டிக் வினாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கொடுக்கும். இரண்டு போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறையில், 51.2. பிரௌசரில் பெரிதாகத் தெரியாது, கேமில் நன்றாகவே தெரியும்.

பதில் 2:
நானும் இரண்டு ஸ்டிக் பக்கம்தான். ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். இன்று ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று என்று வாங்கினால், அதே மாடலாக இருந்தாலும் உள்ளே சிப் மாறி, இரண்டும் ஒத்துப்போகாமல் போகலாம்.

சிஎல் எண்ணையும் பாருங்கள், கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எத்தனை சுழற்சி தாமதிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டுக்கும் தாமதம் 10 நானோ வினாடிதான். 3200 சிஎல்22 என்றால் 13.75. விலையில் சின்ன வித்தியாசம் என்றால் சிஎல்16 எடுங்கள். கலர் லைட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
3200 சிஎல்16, இரண்டு 8 ஜிபி வாங்கி மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கை நடுங்குகிறது.

பதில் 1:
பயப்படாதீர்கள். கரண்டைத் துண்டித்துவிட்டு, ரேமைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பல போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கும், மறுமுனை மேலே தூக்கிக்கொண்டிருந்தாலும் தெரியாது. இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்துங்கள்.

கேட்டவர்:
அதேதான்! ஒரு ஸ்டிக் மயிரிழை தூக்கி நின்றது. அழுத்தியதும் 'டக்' என்றது, படம் வந்துவிட்டது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் வேகம் 2400 என்கிறது. விண்டோஸில் 15.4 ஜிபிதான் பயன்படுத்தலாமாம். ரேம் போலியா?

பதில் 2:
போலி இல்லை. குறையும் பகுதியில் பெரும்பங்கு கிராபிக்ஸுக்கு ஒதுக்கியது, பெரும்பாலும் 512 எம்பி. வேகம் குறைவதற்குக் காரணம், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி அணைந்திருப்பது. ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு அது. அது இல்லாமல் ரேம் தன் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். சில போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். ஆன் செய்து சேமியுங்கள். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

கேட்டவர்:
3200 காட்டுகிறது. விடிய விடிய ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. இருவருக்கும் நன்றி, தம்பிக்கும் சொல்லிவிட்டேன்.