‘ஒன்றுமே தொலையாது’ என்று எழுதியவருக்கு ஒரு கேள்வி

நொய்யல்கரை (திருப்பூர்):
சென்ற வாரம் பேரூர்வாசி இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவது ஒரு மணி நேர வேலை, ஒன்றுமே தொலையாது." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் 2023 தீபாவளிக்கு முன் மாறினேன். சாயப்பட்டறைக்கு அனுப்பிய வண்ண மாதிரிப் படங்கள், லாட் வாரியாகப் பேசிய குரல் செய்திகள், கட்டிங்கிற்கு எவ்வளவு துணி போனது என்ற கணக்கு என மூன்று ஆண்டுகளின் வாட்ஸ்அப் உரையாடல்கள் அத்தனையும் போயின. அப்படி எழுதுவதற்கு முன் பனியன் தொழிலில் இருக்கும் ஒருவரையாவது கேட்டிருக்க வேண்டும்.

பேரூர்வாசி (கோவை):
அண்ணா, நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பை ஐபோனுக்குக் கொண்டுபோகும் வழி 2022 ஜூன் மாதமே வந்துவிட்டது. இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டு, ஒரே வைஃபையில் இணைத்து, பழைய போனில் ஐபோனுக்குத் தரவை மாற்றும் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைத் திறந்தால் தனி உரையாடல், குழு, படம், குரல் செய்தி எல்லாம் வந்து சேரும். ஐபோன் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே, எதையும் அமைக்காத நிலையில் இருக்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் அமைத்து முடித்த பிறகு உரையாடல்களைத் தேடியிருக்கிறீர்கள்.

நொய்யல்கரை:
அமைத்தது நானல்ல, தம்பி. போன் வாங்கிய கடையிலேயே பெட்டியைப் பிரித்து, எல்லாம் முடித்துக் கையில் கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டிலிருந்து தரவு வேண்டுமா என்று ஐபோன் கேட்பது தொடக்கத்தில் வரும் ஒரே ஒரு திரையில். அங்கே ‘எதையும் மாற்ற வேண்டாம்’ என்பதைத் தொட்டுவிட்டால், போனை முழுவதும் அழித்துவிட்டுத்தான் அந்தத் திரைக்குத் திரும்ப முடியும் என்று நீங்கள் அந்த வரியில் எழுதினீர்களா? எழுதவில்லை.

மஞ்சள்மண்டி (ஈரோடு):
நான் எதிர்ப்பக்கம் போனவன். ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு வந்தேன். விலை பேசுவது முழுவதும் அழைப்பில்தான் நடக்கிறது, பின்னால் பேச்சு மாறினால் காட்டுவதற்குப் பதிவு வேண்டும். ஐபோனில் அழைப்புப் பதிவு வசதி 2024-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18.1 உடன்தான் வந்தது.

பேரூர்வாசி:
அந்த வசதி பதிவு தொடங்குவதை இருவருக்கும் அறிவித்துவிட்டுத்தான் பதிவு செய்கிறது. அதுதான் முறை. எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பிடித்து வைப்பது எந்த ஊர் வியாபார ஒழுக்கம்?

மஞ்சள்மண்டி:
எங்கள் மண்டி ஒழுக்கத்தைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். மூட்டைக்கு முன்னால் நின்று விலை பேசிய அனுபவம் இருந்தால் பேசுங்கள்.

சென்னிமலையான்:
நண்பர்களே, முதலில் ‘தொலைதல்’ என்றால் என்ன என்று பேரூர்வாசியும் நொய்யல்கரையும் தெளிவுபடுத்துங்கள். தரவு அழிந்துபோவதா, அல்லது வேறு போனில் இருந்தும் இங்கே வராமல் நிற்பதா?

நொய்யல்கரை:
எனக்கு வேண்டியது அந்தத் திரைக்கான பதில். மூவாயிரம் ரூபாய் போனிலும் ஓர் எச்சரிக்கை போடலாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனில், இதைத் தாண்டினால் வாட்ஸ்அப்பைக் கொண்டுவர எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும் என்று பெரிய எழுத்தில் சொல்ல ஏன் முடியவில்லை?

பேரூர்வாசி:
அதற்கும் வழி இருந்தது. பழைய போனின் வாட்ஸ்அப்புக்குக் கூகுள் டிரைவில் பேக்கப் (காப்புப் பிரதி) இருந்திருந்தால், யாரிடமாவது ஓர் ஆண்ட்ராய்டு போனை இரவல் வாங்கி, அதே எண்ணிலும் அதே கூகுள் கணக்கிலும் மீட்டெடுத்து, பிறகு ஐபோனை அழித்து முறைப்படி மாற்றியிருக்கலாம். பேக்கப்பை நேராக ஐபோனில் திறக்க முடியாது, ஏனென்றால் ஐபோன் வாட்ஸ்அப் ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில்தான் தேடும். பேக்கப்பைப் போட்டு வைக்காதது யார் பொறுப்பு?

நொய்யல்கரை:
பேக்கப் அணைந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பழைய போனையும் அன்றே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். ஆனால் இரவல் போன், மீட்டெடுப்பு, மீண்டும் அழிப்பு, மீண்டும் மாற்றம் என்று இப்போது நீங்களே நான்கு படிகள் சொல்கிறீர்கள். ஒரு மணி நேர வேலை எங்கே போயிற்று? சென்ற ஆண்டு மின்சார ஸ்கூட்டர் விவாதத்திலும் இதே வழக்கம்தான் உங்களுக்கு. முதலில் ஒரே வரியில் எளிது என்பீர்கள், யாராவது அடிபட்டு வந்து கேட்டால் பத்து நிபந்தனைகளை எடுத்து வைப்பீர்கள்.

பேரூர்வாசி:
ஸ்கூட்டரை இங்கே இழுப்பதிலிருந்தே வாதம் தீர்ந்துவிட்டது தெரிகிறது. என் வீட்டில் நால்வரும் மாறினோம். நால்வரின் உரையாடல்களும் முழுமையாக வந்தன.

சென்னிமலையான்:
முழுமையாக என்று சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல் இந்த முறையில் வராது. ஆண்ட்ராய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகளும் வராது. ஐபோனில் மறுபடி வாங்க வேண்டும். யுபிஐ செயலிகளை சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிப் புதிதாகப் பதிய வேண்டும்.

பேரூர்வாசி:
அவை தொலைந்தவை அல்ல.

நொய்யல்கரை:
உங்களுக்குத் தொலையாதது எதுவும் யாருக்கும் தொலையாது என்பதுதான் உங்கள் கணக்கு. நால்வரும் மாறியது வீட்டு உபயோகத்துக்கு. என் போனில் இருந்தது என் தொழில். 2022-இல் ஓடிய ஓர் இளம்பச்சை நிறத்தை அதே பையர் (ஆர்டர் கொடுப்பவர்) இந்த மாதம் மறுபடி கேட்டிருக்கிறார். துணி மாதிரி மங்கிவிட்டது. சாயப்பட்டறை மாஸ்டர் ஒப்புதல் சொன்ன குரல் செய்தியும், வெயிலில் வைத்து எடுத்த படமும் அந்தப் பழைய உரையாடலில்தான் இருந்தன. இப்போது மூன்று முறை சாம்பிள் ஓட்டியும் நிறம் அமையவில்லை. அந்தத் திரையில் ஓர் எச்சரிக்கை இருந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

பேரூர்வாசி:
கடையில் உட்கார்ந்து போனை அமைக்கும்போது நீங்கள் அருகில் இருந்தீர்களா, இல்லையா? முதலில் அதை எழுதுங்கள்.

நொய்யல்கரை:
இருந்தேன். திரையைக் கடைப் பையன்தான் தொட்டான். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.