டெனோஃபோவிரில் பாஸ்பரஸைக் கார்பனோடு பிணைத்தது ஏன்?

மருந்தியல் மாணவி:
அசைக்ளோவிர், டெனோஃபோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் இரண்டிலும், டி.என்.ஏ.வின் அலகுகளில் இருப்பதுபோன்ற முழுமையான சர்க்கரை வளையம் கிடையாது. இரண்டும் வைரஸின் டி.என்.ஏ. சங்கிலி வளர்வதைத் தடுப்பவையே. அப்படியிருக்க, முன்னது பெரும்பாலும் ஹெர்பிஸ் குடும்பத்தோடு நின்றுவிட, பின்னது எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் பயன்படுவது எதனால்? மாத்திரை அட்டையில் பெயரோடு ‘டைசோப்ராக்சில்’ என்றும் அச்சிட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

கரிம வேதியியல்:
டி.என்.ஏ.வின் அலகுகளைப் போலவே அமைந்த இத்தகைய நியூக்ளியோசைடு மருந்துகள் உயிரணுவுக்குள் மூன்று பாஸ்பேட்டுகளை ஏற்றால்தான் வேலை செய்யும். அசைக்ளோவிருக்கு முதல் பாஸ்பேட்டைச் சேர்ப்பது ஹெர்பிஸ் வைரஸுக்கே உரிய தைமிடின் கைனேஸ் என்னும் நொதி. அது இல்லாத இடத்தில் மருந்து ஏறத்தாழச் செயலற்றுக் கிடக்கும். பிராக் நகர வேதியியலாளர் அந்தோனின் ஹோலி, அந்த முதல் படியை மூலக்கூற்றிலேயே முடித்துவைக்க முனைந்தார். சாதாரண பாஸ்பேட் ஆக்ஸிஜன் வழியே இணைந்திருப்பதால் உடலின் நொதிகள் அதை எளிதில் வெட்டிவிடும். பாஸ்பரஸை நேரே கார்பனோடு பிணைத்துப் பாஸ்போனேட் ஆக்கிவிட்டால் அவற்றால் வெட்ட இயலாது. எஞ்சிய இரண்டையும் நம் உயிரணுவின் நொதிகளே சேர்த்துவிடுகின்றன. வைரஸின் தயவு தேவைப்படுவதில்லை.

லூவென் வாசகர்:
மேலே சொன்னது சரியே; ஆனால் ஹோலியை மட்டும் குறிப்பிட்டு நிறுத்துவது பாதிக் கதைதான். 1976-இல் கோட்டிங்கனில் நடந்த கருத்தரங்கில் அவர் பெல்ஜியத்தின் லூவென் நகரிலுள்ள ரேகா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டி கிளெர்க்கைச் சந்தித்தார். அதன்பின் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான சேர்மங்கள் லூவெனுக்குச் சென்று வைரஸ்களின்மீது சோதிக்கப்பட்டன. பின்னாளில் அடெஃபோவிர் எனப் பெயர்பெற்ற மருந்தை 1986-இலும், சிடோஃபோவிர் எனப் பெயர்பெற்றதை 1987-இலும் அறிவித்தார்கள். டெனோஃபோவிரின் வைரஸ் எதிர்ப்பாற்றல் 1993-இல் வெளியாயிற்று. 2001-இல் அமெரிக்க அனுமதி பெற்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்த கிலியட் நிறுவனத்தின் பெயரே இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, என் பார்வையில், நியாயமன்று.

கரிம வேதியியல்:
டைசோப்ராக்சில் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். பாஸ்போனேட் தொகுதி உடலில் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் குடற்சுவரைக் கடப்பது அரிது. அந்த மின்னூட்டத்தை மறைக்கும் போர்வையே டைசோப்ராக்சில்; உட்கொண்டபின் அது கழன்றுவிடும்.

மருந்தியல் மாணவி:
நன்றி. வைரஸின் நொதி தேவையில்லை என்றால், நோயற்ற உயிரணுக்களிலும் அது செயல்நிலைக்கு வருமல்லவா?

லூவென் வாசகர்:
வரும். ஆனால் செயல்நிலை மருந்து எச்.ஐ.வி. தன் டி.என்.ஏ.வை உருவாக்கப் பயன்படுத்தும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியை முடக்கும் அளவுக்கு, மனித உயிரணுவில் டி.என்.ஏ.வை உருவாக்கும் பாலிமரேஸ் நொதிகளை முடக்குவதில்லை. உண்மையான கவலை சிறுநீரகம்தான்: அதன் நுண்குழல் உயிரணுக்கள் இரத்தத்திலுள்ள டெனோஃபோவிரை உள்ளிழுத்துக்கொள்வதால் சிலருக்குப் பாதிப்பு நேர்கிறது. பின்னர் வந்த, வேறொரு போர்வை கொண்ட டெனோஃபோவிர் அலாஃபெனமைடு வடிவம் உயிரணுவுக்குள் புகுந்த பிறகே பெரும்பாலும் பிரிவதால், ஹெபடைடிஸ் பி-க்கு 300 மி.கி. டைசோப்ராக்சில் ஃபியூமரேட் (டைசோப்ராக்சில் வடிவத்தின் உப்பு) செய்யும் வேலையை 25 மி.கி.யே செய்கிறது, இரத்தத்தில் சுற்றும் டெனோஃபோவிரும் வெகுவாகக் குறைகிறது.